கசடன்று, உலைப்பாறை

(மதுரை விளாங்குடியில் தமிழன்பர் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



வைகையின் வடகரையில், விளாமரத்தைத் தன் பெயரிலே தாங்கி நிற்கும் ஊர் விளாங்குடி. ஆற்றில் வெள்ளம் வடிந்தபின் மணற்பரப்பில் கருங்கோடுகள் நெளிந்து கிடத்தலை இவ்வூர்ச் சிறுவர் கண்டிருப்பர். காந்தத்துண்டு ஒன்றை நூலிற் கட்டி அம்மணலில் இழுத்தால், கரிய துகள்கள் மீசைபோல் ஒட்டிக்கொண்டு வரும். சிறுவர் அதனை இரும்புத்தூள் என்பர். ஒட்டி வருவது பெரும்பாலும் காந்தக்கல்லின் துகள். எளிய காந்தத்திற்கு இணங்காமல் மணலிலேயே தங்கிவிடும் கருந்துகள் வேறொன்றும் உண்டு. அதன் பெயர் இல்மனைட்டு. ஆற்றுமணலில் அது சிறுகோடு. குமரிக் கடற்கரையில் அது பெருஞ்செல்வம்.

அக்கனிமத்தினுள் ஒளிந்திருப்பது ஒரு மாழை (உலோகம்). பள்ளி நூல்கள் அதனை டைட்டானியம் என எழுதும். டகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய நெறி. ஆதலின் இவ்வுரையில் அது தைத்தானியம் எனவே வழங்கப்பெறும்.

இன்று எடுத்துக்கொண்ட பொருள் அம்மாழையும் அன்று. இல்மனைட்டை உலையில் உருக்குங்கால் இரும்பு அடியிலே தங்க, மேலே மிதக்கும் குழம்பு ஒன்று உண்டு. அக்குழம்பு குளிர்ந்து பளிங்காகும் வகையே இவ்வுரையின் பொருள். 'சிலேக்' என ஆங்கிலேயர் அழைக்கும் அதனைத் தமிழ்நூலார் 'கசடு' எனப் பெயர்த்தனர். கசடு என்றால் குற்றம், அழுக்கு, நீக்கத் தக்கது. திருக்குறளின் கல்வி அதிகாரத்தைப் படித்தவர் யாவரும் அச்சொல்லை அறிவர். பெயர்த்தவர் அகரமுதலியைப் பார்த்தனர், உலையைப் பார்த்தாரல்லர். தைத்தானிய உலையில் வேண்டப்படும் பொருளே அக் 'கசடு'தான்! அடியில் தங்கும் இரும்பன்றோ அங்குத் துணைப்பொருள்! ஒரு சொல்லால் நேர்ந்த இத்தலைகீழ் மயக்கத்தை நீக்காவிடில், மாணவன் அப்பாடத்தைத் தொடங்கும்போதே தவறான வாயிலில் நுழைவான்.

முதற்கண் இம்மணலின் வரலாற்றைச் சுருங்கக் காண்போர்க்கு ஒரு வியப்பு உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மனாக்கன் என்னும் சிற்றூர். அதன் ஓடையிலும் இத்தகைய கருமணல் கிடந்தது. சமயகுரவர் வில்லியம் கிரெகர் 1791ஆம் ஆண்டு அம்மணலை ஆய்ந்து, அதனுள் இரும்பன்றி அதுவரை அறியப்படாத பொருளொன்றும் உளது எனக் கண்டார். நான்காண்டு கழித்து, 1795இல், செருமானிய அறிஞர் கிளாப்ரோத்து உரூட்டைல் என்னும் கனிமத்தில் அதே பொருளைக் கண்டு, கிரேக்கப் பழங்கதையின் தைத்தான்கள் என்னும் பேருருவர் பெயரை அதற்குச் சூட்டினார். ஓடை மணலைக் காந்தத்தால் துழாவிய ஒருவர் ஒரு தனிமத்தையே கண்டார்! வைகை மணலைத் துழாவும் சிறுவனுக்கும் அக்கண் வாய்த்தல் அரிதன்று. அவன் மொழியில் அவனுக்கு எடுத்துரைப்பாரே அரியர்.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் வரலாறு 1909இல் வெளியுலகிற்குத் தெரியலாயிற்று. சாம்பெர்க்கு என்னும் செருமானிய வேதியலார் அக்கரை மணலில் மோனசைட்டு என்னும் கனிமத்தை அவ்வாண்டு கண்டறிந்தார். அக்காலத்து விளக்குகளின் ஒளிவலைக்கு மோனசைட்டிலுள்ள தோரியம் வேண்டியிருந்தது. இல்மனைட்டு அன்று தேடப்பட்ட பொருளன்று. தைத்தானியத்தின் உயிர்வளிச் சேர்மம் ஒப்பற்ற வெண்பூச்சு ஆகும் என்பது தெரிந்தபின் நிலை மாறிற்று. 1922 முதல் திருவிதாங்கூர்க் கடற்கரையின் இல்மனைட்டு கப்பலேறிற்று. இரண்டாம் உலகப்போருக்கு முன் உலகத் தேவையின் பெரும்பங்கை அக்கரையே ஈந்தது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள் தமிழ்நாட்டோடு இணைந்தது. இன்று மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரித்தெடுப்பது, 1950இல் நிறுவப்பட்ட இந்திய அருமணல் நிறுவனம்.

பிரிப்பது வேறு, உருக்குவது வேறு. பிரித்த மணல் மணலே. மாசற்ற இல்மனைட்டில் இரும்பணு ஒன்று, தைத்தானிய அணு ஒன்று, உயிர்வளி அணு மூன்று. கணக்கிட்டால் தைத்தானிய உயிர்வளிச் சேர்மம் நூற்றுக்கு 53 அளவே தேறும். மணவாளக்குறிச்சி மணலில், காலங்காலமாக வெயிலும் நீரும் இரும்பின் ஒரு பகுதியைக் கரைத்துக்கொண்டு போனமையால், அது 55 அளவாக உயர்ந்துள்ளது. எஞ்சியதிற் பெரும்பகுதி இரும்பின் சேர்மம். அவ்விரும்பை நீக்க இரு வழி உண்டு. ஒன்று காடியாற் கரைத்தல். தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தில் நடப்பது அவ்வழி. மற்றொன்று நெருப்பால் உருக்கல். கனடாவின் கியூபெக்கு மாநிலத்துச் சோரல் நகரில் 1950இல் பெருந்தொழிலாகத் தொடங்கிய அவ்வழி, பின்னர்த் தென்னாப்பிரிக்காவின் இரிச்சர்ட்சு விரிகுடாவிலும் நார்வேயின் திசெடாலிலும் வேரூன்றிற்று.

அவ்வுலையுள் நிகழ்வது யாது? மணலும் கரியும் மின்வில்லின் வெப்பத்திற் கூடுகின்றன. கரி, இரும்போடிருந்த உயிர்வளியைப் பறித்துக்கொண்டு வளியாய் வெளியேறும். இரும்பு தனித்து, உருகி, எடை மிகுதியால் அடியிற் படியும். தைத்தானியமோ தன் உயிர்வளியை எளிதில் விடாது. குழம்பாய் மேலே மிதக்கும். இரண்டையும் வெவ்வேறு துளை வழியே வடித்துவிடுவர். இரும்பு உருகும் வெப்பம் 1538 பாகை செல்சியசு. இக்குழம்பு நெகிழ்ந்து ஓடுவதற்கோ 1600 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும்.

இரும்பு முழுவதையும் பறித்துவிட்டால் நன்றல்லவா எனச் சிலர் வினவுவர். அங்கேதான் உலைக்காரரின் அறிவு தெரியும். இரும்புச் சேர்மம் குறையக் குறையக் குழம்பின் உருகுவெப்பம் ஏறும், ஓடாமல் தடிக்கும். ஆகவே நூற்றுக்குப் பத்து என்னும் அளவில் இரும்புச் சேர்மத்தை விட்டுவைப்பர். தைத்தானிய அளவு 80 முதல் 85 வரை வந்தவுடன் கையை நிறுத்துவர். கஞ்சியில் நீர் முழுவதையும் வற்றவிட்டால் வடித்தல் எவ்வாறு?

இக்குழம்பின் கொடுமை வேறொன்று. உலைச்சுவரின் செங்கல்லை அது அரித்துத் தின்னும். எத்தகைய கல்லும் நெடுநாள் தாங்காது. உலைக்காரர் என்செய்தனர்? சுவரைப் புறத்தே நீரால் குளிர்வித்தனர். சுவரைத் தொட்ட குழம்பு அங்கேயே உறைந்து பளிங்காகித் தடித்த தோலாய்ப் படிந்தது. அதன்பின் குழம்பைத் தாங்குவது செங்கல்லன்று, உறைந்த குழம்பே! வயலின் மண்ணே வரப்பாய் நின்று வயலின் நீரைக் காப்பது போன்றது இது. மின்னாற்றல் மிகுந்தால் வரப்பு உருகும். குறைந்தால் வரப்புத் தடித்து வயலை அடைக்கும். உலையின் வாழ்நாளே பளிங்காதலைக் கையாளும் திறத்தில் நிற்கிறது என்பதை இதனால் அறிக.

இனிப் பளிங்காதல் என்பது யாது? படிகம் என இன்றைய நூல்கள் வழங்குவதையே இங்குப் பளிங்கு என்பது. அச்சொல் சங்கப் பாட்டிலேயே உண்டு. அதனை விளங்கிக்கொள்ள வெளிநாடு செல்ல வேண்டா. பனைத்தொழிலாளியின் அடுப்படிக்குச் சென்றாற் போதும். பதநீரைக் காய்ச்சிக் கிண்டிச் சிரட்டையில் ஊற்றி விரைவில் ஆறவிட்டால் கருப்பட்டி. அதே பதநீர்ப் பாகைக் கலத்தில் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் பல நாள் வைத்திருந்தால் பனங்கற்கண்டு. பொருள் ஒன்றே. ஒன்றில் அணுக்களுக்கு அமர நேரமில்லை. மற்றொன்றில் ஒவ்வொன்றும் தன் இடம் தேடி வரிசையாய் அமர்ந்து முகமும் முனையும் உடைய கட்டியாக வளர்ந்தது. கற்கண்டு எடுத்தபின் எஞ்சும் பாகிலே, கட்டியிற் சேராத பிறவெல்லாம் ஒதுங்கி நிற்கும்.

தைத்தானியக் குழம்பிலும் இவையே நிகழும். வடித்த குழம்பைப் பல தொன் எடையுள்ள பெருங்கட்டிகளாக வார்த்து நீர் தெளித்து ஆற்றுவர். வெளியே ஓடு உறைந்த பின்னரும் உள்ளே நாட்கணக்கில் குழம்பு நெகிழ்ந்திருக்கும். விளாம்பழத்தின் வல்லோட்டையும் உள்ளிருக்கும் சதையையும் இவ்வூரார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டா. அக்குழம்பில் முதற்கண் தோன்றி, ஏறத்தாழ முழுவதையும் நிரப்பும் பளிங்கு ஒன்றே. மாழையணு மூன்றுக்கு உயிர்வளியணு ஐந்து என்னும் அமைப்புடையது அது. போலிப்புரூக்கைட்டுக் குடும்பம் என அதனை அழைப்பர். அதனுள் தைத்தானியம் மட்டுமன்றி, எஞ்சிய இரும்பும் மகனீசியமும் மாங்கனீசும் இடம்பெற்றுவிடும். சிலிக்காவும் சுண்ணாம்பும் அக்குடும்பத்தில் இடம் பெறா. அவை பளிங்குகளுக்கு இடையே ஒதுங்கி, இறுதியில் கண்ணாடிப் பொருளாய் உறையும். கற்கண்டும் கழிவுப்பாகும் போலவே!

இவ்வொதுக்கம் வெறும் வேடிக்கையன்று. சுண்ணாம்பு கண்ணாடியில் இருத்தலால் அதனைக் காடி தொடல் எளிது. மகனீசியமோ பளிங்கின் உள்ளேயே குடியேறிவிட்டமையால், பளிங்கைக் குலைத்தாலன்றி வெளிவாராது. இவ்விரண்டும் எஞ்சி நின்றால் குளோரின் உலையில் அவற்றின் உப்புகள் உருகிப் பிசினாகி உலையை அடைத்துவிடும். எது எங்கே குடியிருக்கிறது என்றறிந்த பின்னரே அதனை எழுப்ப இயலும். சோரல் உலையினர் இதனை அறிந்தே, கட்டியைப் பொடித்து, முதலிற் காற்றிற் சுட்டு, பின்னர் உயிர்வளி பறித்து, இறுதியில் காடியால் கழுவித் தைத்தானிய அளவை நூற்றுக்கு 95 அளவுக்கு உயர்த்தும் முறையை 1990களிற் கொண்டுவந்தனர்.

இங்கே மிக நுண்ணிய செய்தி ஒன்று உண்டு. ஆறும் கட்டிக்குள் காற்றுப் புகுந்தால், பழைய பளிங்கு உயிர்வளியை ஏற்றுக் குலையும். உரூட்டைல் என்னும் வேறு பளிங்கு தோன்றும். கட்டி விரிசல் விட்டுப் பொடியும். வெண்பூச்சுச் செய்வார் இரு முறையினர். கந்தகக் காடியிற் கரைப்பார்க்குப் போலிப்புரூக்கைட்டு இணங்கும். உரூட்டைல் கரையாது, வீணாகும். குளோரின் வளியால் வினைப்படுத்துவார்க்கு உரூட்டைலால் தீங்கில்லை. ஆனால் மென்பொடி ஆகாது, வளியோடு பறந்து போய்விடும். தனிமம் ஒன்றே, அளவும் ஏறத்தாழ ஒன்றே. அணுக்கள் கட்டுண்ட வகை வேறானமையால் பயன் வேறாயிற்று. தமிழ் கற்றார்க்கு இது புதிதன்று. சீர்கள் இருக்க, அவற்றைக் கட்டும் தளை மாறினால் வெண்பா ஆசிரியப்பாவாகிவிடும் அன்றோ! வேதியல் ஆசான் ஒருவன், அணுக்களின் கட்டைத் 'தளை' என்று சொல்லிக் கொடுத்தால், யாப்பருங்கலம் பயின்ற மாணவன் அரை நொடியிற் பிடித்துக்கொள்வான்.

இன்னுமொன்று. வெண்பூச்சுக்குத் தாயான இக்கட்டி கரியது! உலையில் தைத்தானியமும் சிறிது உயிர்வளியை இழந்து நிற்பதே அக்கருமைக்குக் காரணம். இழந்ததை மீளப் பெற்று மாசு நீங்கியபோது அது பால்போல் வெளுக்கும். கருமையைக் கண்டு கழிவென்று தள்ளியவன் வெண்மையை இழந்தான்.

1969ஆம் ஆண்டு மாந்தர் முதன்முறையாக நிலவில் இறங்கினர். அமைதிக்கடல் என்னும் நிலவுச் சமவெளியிலிருந்து அவர் கொணர்ந்த கற்களைச் சீவி நுண்ணோக்கியிற் பார்த்த அறிஞர், புதிய கனிமம் ஒன்றைக் கண்டனர். இரும்பும் மகனீசியமும் தைத்தானியமும் உயிர்வளியும் கூடியது அது. மாழை மூன்றுக்கு உயிர்வளி ஐந்து! ஆம், மின்னுலைக் கட்டியிலுள்ள அதே பளிங்குக் குடும்பம். ஆம்சுட்ராங்கு, ஆல்டிரின், காலின்சு என்னும் மூவர் பெயரின் முதற்பகுதிகளைக் கோத்து ஆர்மால்கோலைட்டு என அதற்குப் பெயரிட்டனர். நிலவில் எரிமலைக் குழம்பு ஆறியதும் உலையில் மணற்குழம்பு ஆறுவதும் ஒரே நெறியில் நிகழ்வன. உலையிலே ஆறிய கட்டியும் பாறையே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மதுரையைச் சூழ்ந்த மலைக்கல்லை உடைத்து வெயிலிற் பிடித்தால் மின்னும் மணிகளும், அக்கட்டியை உடைத்தால் மின்னும் மணிகளும் பிறப்பால் உறவினவே.

ஆகலின் அதற்குத் தக்க பெயர் 'உலைப்பாறை' என்பதாகும். உலையிற் பிறந்தது, பாறையின் இயல்புடையது. சொல் பொருளைக் காட்டிற்று, இழிவு நீங்கிற்று. இரும்புலையிற் கழிவது வேறு பொருள். அதற்குக் 'கிட்டம்' என்னும் நாட்டுச்சொல் நெடுங்காலமாக உண்டு. சித்த மருத்துவர் இரும்புக்கிட்டத்தை இன்றும் அறிவர். ஆங்கிலத்திற்கு இரண்டும் ஒன்றே. தமிழில் இரண்டையும் இரண்டாகச் சொல்லலாம். தனித்தமிழ்ப் பணி என்பது அயற்சொல்லை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு தமிழ்ச்சொல்லைப் பொருத்துவது மட்டுமன்று. பொருளறியாது பொருத்திய தமிழ்ச்சொல், அயற்சொல்லினும் மிகுதியாக மயக்கும். தூய சொல்லும் தவறான சொல்லாக இருத்தல் கூடும். 'கசடு' அதற்குச் சான்று.

கிட்டத்தையும் இகழ வேண்டா. நொய்யற்கரைக் கொடுமணலில் இரும்புலைகளும் கிட்டமும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்லும் என 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை கூறிற்று. பழங்கிட்டத்துண்டைச் சீவிப் பார்ப்போர்க்கு, இரும்பும் சிலிக்காவும் கூடிய பளிங்குகள் அதனுள்ளும் தெரியும். அப்பளிங்கின் வடிவும் பருமையும் அவ்வுலை எவ்வளவு சூடேறியது, எவ்வளவு விரைவில் ஆறியது என்பதைச் சொல்லும். உலை அழிந்தது, கொல்லன் பெயர் மறைந்தது, பளிங்கு மட்டும் சான்று சொல்ல இருக்கிறது. பின்னாளில் மேலைநாட்டு உலைக்காரர் தைத்தானியம் கலந்த இரும்புக்கல்லை வெறுத்து ஒதுக்கினர். அது குழம்பைத் தடிக்கச் செய்து உலையை அடைத்தமையே காரணம். அவர் வெறுத்தது எதுவோ அதுவே இன்று விலைபெறுகிறது.

இச்செய்திகளால் விளாங்குடியார்க்கு ஆவதென்ன என்று கேட்கலாம். குமரிக் கரையை நோக்குங்கள். கடற்கரை மணலைத் தனியார் எடுப்பதனைத் தமிழக அரசு 2013இல் நிறுத்திற்று. 2019இல் நடுவணரசு தனியார்க்கு அவ்வுரிமையே இல்லையென விதி செய்தது. முறைகேடுகளை நடுவண் புலனாய்வுத்துறை ஆய வேண்டுமெனச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 பிப்பிரவரியில் ஆணையிட்டது. கிள்ளியூர் வட்டத்துக் கடலோர ஊர்களில் அரசு நிறுவனத்தின் புதிய மணலெடுப்புக்கும் மக்கள் 2024 முதல் எதிர்ப்புக் காட்டி வருகின்றனர். கரை அரிக்கும் என்பதும், மோனசைட்டின் கதிரியக்கம் நோய்தரும் என்பதும் அவர்தம் அச்சம். அவ்வச்சத்தை எள்ளுதல் தகாது. மணலை வாரிச் செல்வோர் யாவரும் நாட்டுநலம் என்று சொல்வதையும் அப்படியே நம்புதல் தகாது.

முடிவு செய்ய வேண்டியவர் அக்கரையில் வலை காய வைப்பவர். அவர்முன் வைக்கப்படும் கேள்விகள் யாவை? இம்மணல் மணலாகவே போகிறதா? காடியிற் கரையப் போகிறதா? உலையேறப் போகிறதா? உலையேறின் அதற்கு வேண்டும் பெருமின்னாற்றல் எங்கிருந்து? கரைத்தால் எஞ்சும் காடிநீர் எங்கே விழும்? ஒவ்வொரு வழிக்கும் ஊதியம் வேறு, ஊறு வேறு. கேரளத்துச் சவறையில் 2011இல் தைத்தானியக் கடற்பஞ்சு மாழை செய்யும் ஆலை திறந்தது. விண்கலத்திற்கும் நீர்மூழ்கிக்கும் வேண்டும் மாழை அது. மணலுக்கும் அம்மாழைக்கும் இடையில் எத்தனை படிகள், எத்தனை அறிவு, எத்தனை ஊதியம் என்பதை மணலுக்கு உரியவன் அறிய வேண்டாவா? அறிந்தபின் 'தருவேம்' என்பதும் அவன் உரிமை. 'தாரேம்' என்பதும் அவன் உரிமை. அறியாமல் சொல்லும் இரண்டும் பிறர் வாய்ச்சொல்லே.

அவ்வறிவு அவனுக்குத் தெரிந்த மொழியில், மயக்கமற்ற சொல்லில் கிட்ட வேண்டும். பனங்கற்கண்டு காய்ச்சுபவனுக்குப் பளிங்காதல் புரியும். வரப்புக் கட்டுபவனுக்கு உலைச்சுவர் புரியும். தளை அறிந்த மாணவனுக்கு அணுக்கட்டுப் புரியும். புரியாமல் இருப்பது அவர்தம் குறையன்று. அவர் அறிந்ததிலிருந்து தொடங்காத கல்வியின் குறை.

மாணவச் செல்வங்களே! அடுத்தமுறை வைகை மணலிற் காந்தத்தை இழுக்குங்கால், ஒட்டி வருவதை மட்டும் பாராதீர். ஒட்டாமல் நிற்கும் கருந்துகளையும் உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். அதனை ஆசிரியரிடம் காட்டிப் பெயர் கேளுங்கள். அவர் சொல்லும் பெயர் பொருளோடு பொருந்துகிறதா என்றும் கேளுங்கள். பொருந்தாவிடில் பொருந்தும் பெயரை நீங்களே ஆக்குங்கள். பொருளை அறிந்து பெயரிடும் இனம் தன் பொருளைப் பிறர்க்கு எளிதில் இழவாது.

வெல்க தமிழ்!